யவனர்

யவனர் என்னும் சொல், ஆதியில் ஆசியா மைனரின் மேற்குக் கரையில் வாழ்ந்த அயோனியக் கிரேக்கரைக் குறித்து, பழம்பாரசீகத்தில் ‘யௌன’ என்றும், அசோகரின் பிராகிருத சாசனங்களில் ‘யோன’ என்றும், சமஸ்கிருதத்தில் ‘யவன’ என்றும் வழங்கி, தமிழில் கிரேக்கர், ரோமர் ஆகிய மேனாட்டார்க்குப் பொதுப்பெயராயிற்று. அன்னார் மரக்கலத்தில் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதை அகநானூற்றுச் செய்யுள் ஒன்று கூறினும், அச்செய்யுளில் ஆண்டுக் குறிப்பு யாதும் இல்லை. 1945-இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்விலோ, குயவர் முத்திரை பொறித்த இத்தாலியச் செம்மட்கலத் துண்டுகளும், ‘ஆம்போரா’ என்னும் இருபிடி மதுச்சாடிகளின் உடைசல்களும் வெளிப்பட்டு, அவ்வாணிபத்தைக் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டி நிறுவின. மட்கல ஓடு காலத்தை உரைக்கும். அக்கலங்களைக் கொணர்ந்தாரைத் தமிழர் அழைத்த பெயரை ஏடே உரைக்கும். ஏடும் ஓடும் ஒருங்கே பேசும்போதுதான் சரித்திரம் பூரணமாகிறது.