தரங்கம்பாடியில் ஒரு புதிய மாணவர்

சின்னக் காஞ்சிபுரத்தில் வரதராசப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் செல்லும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. இந்நகரை நாடித்தான் எத்தனை அயலார் வந்திருக்கின்றனர்! ஏழாம் நூற்றாண்டில், பல்லவர் ஆட்சிக் காலத்தில், சீனத்திலிருந்து யுவான் சுவாங் வந்தார்; நாலந்தாவில் புகழ்பெற்ற ஆசிரியராய் விளங்கிய தருமபாலர் பிறந்த ஊர் இதுவென்று எழுதி வைத்தார். 1839-இல் ஸ்காட்லாந்துச் சமயத் தொண்டர்கள் இங்கே ஒரு பள்ளியை நிறுவினர். ஜான் ஆண்டர்சன் என்பாரின் பெயரால் அது இன்றும் விளங்குகிறது. யுவான் சுவாங் கற்க வந்தவர். ஆண்டர்சன் கற்பிக்க வந்தவர். கற்பிக்க வந்து, முதலில் மாணவராய் மணலில் அமர்ந்த ஒருவரின் வரலாற்றையே மாணவ நண்பர்களுக்கு இன்று சொல்ல விழைகின்றேன். அவர் வாழ்ந்த ஊர் காஞ்சி அன்று. சோழநாட்டுக் கடற்கரையிலுள்ள தரங்கம்பாடி.

தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரோடு 1620-இல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வாணிகம் நடத்தி வந்தனர். அங்கே சமயத் தொண்டு புரிவதற்கென டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக் இரண்டு ஜெர்மானியரை அனுப்பினார். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. மற்றவர் ஹென்றி புளுட்சோ. 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் கப்பலேறியவர்கள், ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர். அப்போது சீகன்பால்குக்கு வயது இருபத்து மூன்று. உடலும் அத்துணை வலியுடையதன்று.

மன்னரின் ஆணையோடு வந்தவர்களுக்கு மாலை மரியாதை கிடைத்திருக்கும் என்று நீங்கள் எண்ணலாம். நிகழ்ந்தது வேறு. கோட்டைத் தலைவர் ஹாசியஸ் அவர்களை நெடுநேரம் காக்க வைத்தார். வரவேற்பும் கடுமையாகவே இருந்தது. சமயப் பேச்சு ஊராரைச் சினமூட்டும், அதனால் மிளகும் துணியும் விற்கும் தொழில் கெடும் என்பது வணிகர்களின் அச்சம். சொந்த நிறத்தாரே முகம் திருப்பிக்கொண்ட ஊரில், ஊர் மக்களின் மொழியோ ஒரு சொல்லும் விளங்காத நிலையில், அவ்விருவரும் குடியேறினர்.

கடற்கரைப் பட்டினங்களில் அந்நாளில் பல நாட்டாருக்கும் பொதுவாய்ப் பயன்பட்டது போர்த்துகேசிய மொழி. முதலில் அதனைக் கற்றனர். பின்னர் சீகன்பால்கு தமிழில் முனைந்தார். ஐரோப்பியர் அப்போது தமிழை 'மலபார் மொழி' என்று தவறாக வழங்கினர். பழைய ஏடுகளைப் படிக்கும் மாணவர்கள் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். கையில் இலக்கண நூல் இல்லை, அகராதியும் இல்லை. என்ன செய்வார்? முதியவராகிய ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரை அணுகி, பள்ளியைத் தம் இல்லத்திலேயே நடத்துமாறு வேண்டினார். சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் அகரம் எழுதினர். லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் பயின்ற அவரும் அவர்களருகே தரையில் அமர்ந்து அகரம் எழுதினார். தறியில் புதிதாய் அமரும் சிறுவன் மூத்தவர் கைபோகும் வழியைப் பார்த்துப் பார்த்தே பழகுவதைக் காஞ்சியில் கண்டிருக்கிறேன். இதுவும் அவ்வகைக் கல்விதான்.

எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. இக்குறையைத் தீர்த்தவர் அழகப்பன் என்னும் தமிழர். டேனிஷ், போர்த்துகேசியம், டச்சு, ஜெர்மன் எல்லாம் பேசவல்ல துபாஷி அவர். பிறகு சீகன்பால்கு வகுத்துக்கொண்ட நாள்முறையைக் கேளுங்கள். காலை ஏழு முதல் எட்டு மணி வரை முன்பு கற்ற சொற்களை மீண்டும் சொல்லிப் பார்த்தல். எட்டு முதல் பன்னிரண்டு வரை இதுவரை படியாத தமிழ் நூல்களைப் படித்தல். ஐயம் தீர்க்க ஒரு முதிய புலவரும், எழுதிக்கொள்ள ஓர் எழுத்தரும் உடனிருப்பர். பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை மீண்டும் படிப்பு. இரவில் கண்ணுக்கு ஓய்வு தரவேண்டி, பிறர் படிக்கத் தாம் கேட்டுக்கொண்டிருப்பார். தேர்வுக்கு முந்திய வாரத்தில் மட்டும் நூலைத் தொடும் நண்பர்கள் இவ்விடத்தில் சற்றே புன்னகை புரியலாம்.

ஓலைச் சுவடிகளைத் தேடித் தம் எழுத்தர்களைப் பல நாள் நடைத் தொலைவிலுள்ள ஊர்களுக்கும் அனுப்பினார். இறந்துபோன பிராமணர்களின் மனைவியரிடமிருந்து சில சுவடிகளை விலைக்கு வாங்கினார்கள். 1708-இல் தாம் திரட்டிய நூல்களுக்கு அவர் எழுதிய விவரப் பட்டியலில் திருக்குறளும் தொல்காப்பியமும் இடம்பெற்றுள்ளன. இந்நாட்டார் நாகரிகமற்றோர் என்று ஐரோப்பாவில் எண்ணுகின்றனர், தாமும் அவ்வாறே எண்ணி வந்ததாகவும், மொழியைக் கற்ற பின்னரே உண்மை புலனாயிற்று என்றும் அவர் எழுதினார். எனினும் அவர் தம் நோக்கத்தைக் கைவிட்டவர் அல்லர். தமிழர் வழிபாட்டைப் பிழையென்றே இறுதிவரை கருதினார். அவருடைய மதிப்பும் மறுப்பும் ஒரே நெஞ்சில் குடியிருந்தன. இவற்றுள் ஒன்றை மறைத்துவிட்டு மற்றொன்றைப் புகழ்வது வரலாறாகாது.

ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கில் அவர் பரிந்து பேசியது கோட்டைத் தலைவரின் சினத்தைத் தூண்டியது. 1708 நவம்பரில் சிறையில் அடைக்கப்பட்டார். நான்கு திங்கள் உள்ளிருந்தார். எழுதுகோலும் தாளும் மறுக்கப்பட்டன. அவரைச் சிறையிலிட்டவர் சொந்த மதத்தைச் சேர்ந்த அதிகாரியே என்பதை இங்கே குறிக்க வேண்டும்.

விடுதலைக்குப் பின் அச்சு வேலை வந்தது. இலண்டன் சங்கம் ஒன்று அச்சுப் பொறியை உதவிற்று. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியனவாய் இருந்ததால் தாள் விரைவில் தீர்ந்துவிடும் நிலை ஏற்பட்டது. ஆகவே, பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயப் பெட்டிகளை உருக்கி, சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தனர்! 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது. தமிழில் அச்சேறிய முதல் நூலே இவருடையது என்று சிலர் எழுதுவது பொருந்தாது. 1578-இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிடப்பட்டது.

சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23-ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில், தரங்கம்பாடியிலேயே காலமானார். 1718-இல் தாம் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் எழுதிய நூல்களுள் ஒன்றின் கதை என் மனத்தை விட்டு நீங்குவதில்லை. தென்னாட்டுத் தெய்வங்கள், அவற்றின் கோயில்கள், விழாக்கள், வழிபாட்டு முறைகள் ஆகியவற்றைத் தமிழரிடமே கேட்டறிந்து, 1713-இல் ஜெர்மன் மொழியில் விரிவாக எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கே அவருடைய ஆதரவாளராகிய பிராங்கே அதனை அச்சிட இசையவில்லை. புறச்சமயத்தை வேரறுக்கவே தொண்டர்களை அனுப்பினோம், அதனை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று என்பது அவர் கூறிய காரணம். கையெழுத்துப் படி பேழையில் உறங்கியது. அது அச்சேறியது 1867-இல்; அதுவும் சென்னையில்.