கடல் சாமந்தி – பாசி கூட்டுவாழ்வு

கடல் சாமந்தியின் செல்களுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருந்து, ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் உணவில் ஒரு பங்கை அதற்குத் தரும் உறவு இது. கடல் சாமந்தி பெயரில்தான் பூ. உண்மையில் இரையைக் கொட்டிப் பிடித்துத் தின்னும் விலங்கு. எல்லா இனங்களிலும் பாசி இருப்பதில்லை.

நன்கு ஆராயப்பட்ட இனம், வட அமெரிக்காவின் பசிபிக் கரைப் பாறைகளில் கூட்டங்கூட்டமாக ஒட்டி வாழும் ஆந்தோப்ளூரா எலிகாண்டிஸ்ஸிமா. கடல் வற்றும்போது உடலைச் சுருக்கிக்கொண்டு, மேலெல்லாம் சிப்பித் துண்டும் மணலும் ஒட்டிய உருண்டையாகக் கிடக்கும். தெரியாமல் மிதித்தால் பீச்சியடிக்கும் தண்ணீர்தான் அது உயிருள்ளது என்று காட்டிக்கொடுக்கும்.

வயிற்றறையைச் சுற்றியுள்ள உள்ளடுக்குச் செல்களில், மெல்லிய சவ்வுப் பைக்குள் பாசி இருக்கிறது. விலங்கு வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடும் அம்மோனியாவும் அதற்கு உரம். பதிலுக்குக் குளுக்கோஸ் முதலியவற்றைத் தருகிறது. லெனார்ட் மஸ்கட்டைனும் காடெட் ஹேண்டும் 1958-இல் கதிரியக்கக் கார்பனைக் கொண்டு இதை நேரடியாகக் காட்டினார்கள்: பாசி உள்வாங்கிய கார்பன் விலங்கின் திசுக்களில் தென்பட்டது.

இந்த இனத்தில் குடியிருப்போர் இரு வகை. பழுப்பு நிற டைனோஃபிளாஜெல்லேட் பாசி ஒன்று. அதற்கு மஸ்கட்டைன் பெயரே சூட்டப்பட்டுள்ளது. மற்றது குளிர்ச்சியும் மங்கல் ஒளியும் உள்ள இடங்களில் மிகுந்திருக்கும் பச்சைப் பாசி. கூடுதலாக உணவு தருவது பழுப்புதான். வெளிச்சம் எட்டாத குகைகளிலும் படகுத்துறைகளின் அடியிலும் வாழ்பவை பாசியின்றி வெளிறியிருக்கும். அவை இரையை மட்டுமே நம்பியிருக்கின்றன. பாசி உள்ளவையோ ஒளியை நாடி நகர்கின்றன. பாசியில்லாதவற்றிடம் இந்த நாட்டம் காணப்படவில்லை.

இதை நட்பு என்று சொல்வது சற்று அழகுபடுத்தல். விலங்கு தன் பாசிகளில் ஒரு பகுதியை அவ்வப்போது வெளியே துப்பிவிடுகிறது. பாசியாலும் தொல்லை உண்டு: பகலில் திசுவுக்குள் ஆக்சிஜன் மிகுந்து, செல்லைச் சிதைக்கும் வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. அவற்றை முறிக்கும் நொதிகளை விலங்கு சுரக்க வேண்டியிருக்கிறது. வெயில் கடுமையானால் சுருங்கி, பாசியை நிழலில் வைக்கிறது.

ஆந்தோப்ளூரா எலிகாண்டிஸ்ஸிமாவின் முட்டையில் பாசி இல்லை. இளவுயிரி உணவோடு விழுங்கியே பெறுகிறது. மத்தியதரைக் கடலின் அனிமோனியா விரிடிஸில் தாயின் முட்டை வழியாகவே வந்துவிடுகிறது.

நீர் மிகச் சூடானால் இந்த உறவு முறியும். பவளங்கள் வெளிறுவதும் இப்படித்தான். அதை ஆய்வகங்களில் ஆராய உதவுவது எய்ப்டேசியா என்ற சிறு கடல் சாமந்தி. இரை போட்டால் பாசியில்லாமலும் பிழைக்கும். துண்டு துண்டாகப் பிரிந்து பெருகும். மீன்தொட்டி வளர்ப்பவர்கள் இதைக் களை என்று திட்டுவதும் இதே குணத்துக்காகத்தான்.