நாலு பேட்டரியும் நாற்பது ஃப்ரேமும்

ஸ்டீம் டெக் வெச்சிருக்கிற நண்பர்கள் என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "பெரிய கேம் போட்டா ரெண்டு மணி நேரம்கூட சார்ஜ் நிக்கல, எந்த செட்டிங்கைக் குறைக்கிறது?" பதில் சொல்றேன். அதுக்கு முன்னாடி 1989-க்கு ஒரு நடை போயிட்டு வரலாம். ஏன்னா இந்தத் தலைவலி அப்பவே ஆரம்பிச்சாச்சு.

அந்த வருஷம்தான் நிண்டெண்டோவின் கேம் பாய் ஜப்பானில் வெளியானது. 160×144 பிக்சல் திரை, நாலே நாலு ஷேடு, பேக்லைட் கிடையாது. அதே வருஷம் வந்த அடாரி லிங்க்ஸிலும், அடுத்த வருஷம் வந்த சேகா கேம் கியரிலும் கலர் திரை, பேக்லைட் ரெண்டுமே இருந்தது. ஆனா ஆறு பேட்டரி போட்டாலும் சில மணி நேரத்துல தீர்ந்துடும். கேம் பாய் நாலு பேட்டரியில பத்து மணி நேரத்தையும் தாண்டி ஓடுச்சு. மார்க்கெட்டையும் அதுதான் பிடிச்சது. அதாவது, 'கிராபிக்ஸைக் குறை, பேட்டரியைக் காப்பாத்து' என்கிற முடிவைத் தொழிற்சாலையிலேயே எடுத்துட்டாங்க.

2004-ல் சோனி பிஎஸ்பி வந்தது. அதன் பிராசசர் 333 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். ஆனா கேம்களுக்கு 222 வரைதான் அனுமதி. 2007-ல் ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்டில் அந்தப் பூட்டைத் திறந்தாங்க. 2008-ல் வந்த 'காட் ஆஃப் வார்: செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ்' அந்த முழு வேகத்தைப் பயன்படுத்திக்கிட்டது. இப்போ முடிவு கேம் எழுதுறவங்க கைக்கு வந்தாச்சு.

2017-ல் 'டூம்' கேமை பேனிக் பட்டன் நிறுவனம் நிண்டெண்டோ ஸ்விட்சுக்குக் கொண்டு வந்தது. மற்ற கன்சோல்களில் 60 ஃப்ரேம், இங்கே 30. திரையில கூட்டம் கூடினா ரெசல்யூஷன் தானா இறங்கும். எதை வெட்டணும்னு அவங்களே பார்த்துப் பார்த்து வெட்டினாங்க.

2022-ல் ஸ்டீம் டெக் வந்ததும் கதை மாறிடுச்சு. பெரிய கம்ப்யூட்டருக்கு எழுதின கேம், அப்படியே கையில. 40 வாட்-ஹவர் பேட்டரி, சிப் மட்டுமே 15 வாட் வரை இழுக்கும். திரையும் மத்ததும் சேர்ந்தா ரெண்டு மணி நேரம் தாண்டாததுல ஆச்சரியமே இல்ல. பல கேம்களில் வெட்டுற வேலை இப்போ நம்ம தலையில.

நான் செய்யிற வரிசை இதுதான். முதல்ல திரையை 40 ஹெர்ட்ஸுக்கு மாத்தி, 40 ஃப்ரேமுக்குப் பூட்டுவேன். 30-ல் ஒரு ஃப்ரேமுக்கு 33 மில்லி செகண்ட், 60-ல் 17, 40-ல் 25. சரியா நடுவுல! பத்து ஃப்ரேம் கூடினதுக்கே பாதி தூரம் வந்துடுறோம். அடுத்தது ஷேடோ, மூட்டம், ரிஃப்ளெக்ஷன்: மூணையும் மீடியத்துக்கோ லோவுக்கோ இறக்குவேன். ஏழு இன்ச் திரையில வித்தியாசம் பெருசா தெரியாது. டெக்ஸ்சரை அவ்வளவா தொடமாட்டேன். அது சாப்பிடுறது பெரும்பாலும் மெமரியை. கடைசியா வாட் அளவை ஒவ்வொண்ணா குறைப்பேன். ஃப்ரேம் தடுமாற ஆரம்பிச்சா ஒரு படி மேல ஏத்திட்டு நிறுத்திடுவேன்.

அல்ட்ராவுல ஓடலையேன்னு கவலைப்படாதீங்க. நாலு ஷேடுல ஓடின கருவிதான் அன்னைக்கு ஜெயிச்சது. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!