கடலில் திறந்த கதவு

1969 ஜூலை 24 அன்று பசிபிக் கடலில் வந்து விழுந்த அப்போலோ 11 கலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கொடியையும் காலடித் தடத்தையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கலத்தின் கதவு.

நிலவில் உயிர் இருக்கும் என்று விஞ்ஞானிகளில் அநேகமாக யாரும் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று நிரூபிக்கவும் முடியவில்லை. 1958இல் நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அந்த வருஷங்களிலேயே இந்த அபாயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். வேற்றுலகப் பொருளால் பூமியின் சூழலுக்குக் கேடு நேராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை 1967இன் விண்வெளி ஒப்பந்தம் நாடுகளின் மேல் வைத்தது. ஹூஸ்டனில் இதற்கென்றே ஒரு பரிசோதனைக் கூடம் எழுந்தது. போய்வந்த மூவரையும் 21 நாள் ஒதுக்கிவைப்பது, சுமார் 21.5 கிலோ கல்லையும் மண்ணையும் வெளிக்காற்றுப் படாமல் கையாள்வது, நிலவுத் தூளை எலி, காடை, கரப்பான், மீன், செடி இவற்றின் மேல் சோதித்துப் பார்ப்பது என்று திட்டம் விரிவாகவே இருந்தது.

ஓட்டை கடலில் இருந்தது. மூடிய கலத்தை ஆட்களோடு அப்படியே கப்பலுக்குத் தூக்கும் யோசனை, உள்ளே இருப்பவர்களின் பாதுகாப்பை உத்தேசித்துக் கைவிடப்பட்டது. தண்ணீரிலேயே கதவைத் திறந்து தனி உடுப்புகளை உள்ளே கொடுத்தார்கள். நிலவுத் தூள் பரவியிருந்த கலத்தின் காற்று அப்போதே வெளியேறிவிட்டது. அதன்பிறகு கிருமிநாசினி, ஹார்னெட் கப்பலில் மூடிய வண்டி, ஜன்னலுக்கு வெளியே நின்று பேசிய நிக்ஸன். ஆகஸ்ட் 10 இரவு மூவரும் விடுவிக்கப்பட்டார்கள். 1971இல் அப்போலோ 14க்குப் பிறகு ஒதுக்கிவைக்கும் முறையே கைவிடப்பட்டது.

ஒன்றும் நேரவில்லை என்பதை ஏற்பாட்டின் வெற்றியாகச் சொல்வதை நான் ஒப்பமாட்டேன். காப்பாற்றியது நிலவின் வெறுமை. திருடனே இல்லாத ஊரில் காவல்காரனின் திறமையை எப்படி அளப்பது? கலத்துக்குள் இருந்த மூவரின் ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தது. மற்ற எல்லோருடையதும் ஊகமாக இருந்தது. தெரிந்த முகங்களின் பக்கம் சாய்ந்ததைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அப்படிச் சாய்ந்த பிறகு நடந்ததில் பெரும்பகுதி சடங்குதான்.

பெர்சிவரன்ஸ் ஊர்தி 2021 முதல் செவ்வாயில், ஒரு காலத்தில் ஏரியாக இருந்த ஜெசீரோ பள்ளத்தில், கல்லையும் மண்ணையும் குழாய்களில் அடைத்துவந்திருக்கிறது. தண்ணீர் இருந்த இடம் அது. அந்தக் குழாய்கள் இங்கே வருமானால், திரும்பவும் வெறுமை கைகொடுக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.