நான்தான் அவன்!

கதை எழுதுகிறவர்களுக்கு மிகவும் பிடித்தமான வாக்கியம் ஒன்று உண்டு. இரண்டே சொற்கள்தான்: "நான்தான் அவன்!" இருநூறு பக்கம் ஒளிந்து திரிந்த கதாநாயகன் ஒட்டுத் தாடியைப் பிய்த்தெறிந்துவிட்டோ, முகமூடியைக் கழற்றிவிட்டோ இதைச் சொல்லும்போது வாசகருக்கு ஏற்படும் மயிர்க்கூச்சு இருக்கிறதே, அதற்கு ஈடு எதுவும் இல்லை. நானும் என் நாவல்களில் இந்த வித்தையைக் கையாண்டிருக்கிறேன். ஆகையால் அதன் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போமே என்று தோன்றிற்று. புரட்டியதில் ஒன்று தெளிவாயிற்று. தான் யார் என்று வீரன் சொல்வது பெரிதல்ல. யாரிடம் சொல்கிறான் என்பதில்தான் கதையின் உயிரே இருக்கிறது.

மேல்நாட்டில் இந்த வம்சத்துக்கு மூலபுருஷன் என்று சொல்லத்தக்கவன் ஸ்கார்லெட் பிம்பர்னல். ஆர்ட்ஸி சீமாட்டி 1905-ல் வெளியிட்ட நாவலின் நாயகன். பகலில் உடுப்பையும் தலைவாரலையும் தவிர வேறொன்றும் அறியாத அசட்டுப் பிரபு. மறைவிலோ, பிரெஞ்சுப் புரட்சியின் கொலைக் கருவியிலிருந்து மனிதர்களை மீட்டு வரும் மகா தைரியசாலி. கட்டிய மனைவிக்கே அது தெரியாது! 1919-ல் ஜான்ஸ்டன் மக்கல்லி என்பவர் ஸாரோ என்ற கறுப்பு முகமூடி வீரனைப் படைத்தார். அந்த முதல் கதையின் முடிவில் ஸாரோ எல்லோர் முன்னிலையிலும் முகமூடியைக் கழற்றிவிடுகிறான். கதையோ வாசகர்களுக்குப் பிடித்துப் போயிற்று. மேலும் எழுதும்படி கேட்டார்கள். மக்கல்லி என்ன செய்தார், தெரியுமா? முகமூடி கழன்றதையே மறந்தவர் போல, ரகசியம் ரகசியமாகவே இருப்பதாகப் பாவித்துப் பிற்பாடு எழுதிக்கொண்டு போனார். இந்தச் சங்கடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேண்டியிருக்கும்.

பிறகு வந்தது சித்திரக் கதைகளின் காலம். 1936-ல் லீ பாக் படைத்த காட்டு முகமூடி வீரன் வந்தான். 1938-ல் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் சூப்பர்மேனைப் பறக்கவிட்டார்கள். அடுத்த ஆண்டு பேட்மேன் வந்தான். சூப்பர்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் முகமூடியே போடுவதில்லை. மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டால் கிளார்க் கென்ட் என்ற பயந்தாங்கொள்ளிப் பத்திரிகை நிருபர். கழற்றினால் மலையைத் தூக்கும் மகாவீரன். அதே காரியாலயத்தில் வேலை பார்க்கும் லோயிஸ் லேன் என்ற கெட்டிக்காரி, வீரனை நேசிக்கிறாள். பக்கத்து மேஜைக் குமாஸ்தாவை ஏறிட்டும் பார்ப்பதில்லை. எந்த ஊர்க் குமாஸ்தாவுக்குத்தான் இந்தக் கதை பிடிக்காது? தாம்பரம் மின்சார ரெயிலில் நின்றுகொண்டே பிரயாணம் செய்யும் ஒவ்வொருவர் மனத்திலும், 'நான் யார் என்று உங்களுக்குத் தெரியாது!' என்ற நினைப்பு ஒரு மூலையில் இருக்கத்தான் இருக்கிறது.

அந்த லோயிஸிடம் கிளார்க் தன் ரகசியத்தை நிலையாகச் சொன்னது எப்போது? 1991-ஆம் ஆண்டு இதழில்! அதற்கு முன்பும் கனவாகவும் கற்பனையாகவும் பல தடவை சொன்னதுண்டு. அவையெல்லாம் அடுத்த இதழிலேயே அழிந்து போகும். ஐம்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, கல்யாணம் நிச்சயமான பிறகு, அவன் அவளிடம் மட்டும் சொன்னான். கூட்டம் இல்லை, கைதட்டல் இல்லை. 'இனி என் பயம் உனக்கும் பங்கு' என்று கொடுப்பது போன்ற ஒரு காரியம் அது. 1996-ல் அவர்களுக்கு விவாகமும் நடந்தது. அந்தச் சொல் வீணாகவில்லை.

நம் ஊருக்கு இந்த வீரர்கள் வந்த கதை தனி. 1964-ல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் மூலம் லீ பாக்கின் முகமூடி வீரன் இந்தியாவெங்கும் பிரசித்தியடைந்தான். தமிழில் வேதாளன் என்றும் மாயாவி என்றும் பெயர் பெற்றான். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவந்தது. அதன் முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'. மூலம், 1962-ல் இங்கிலாந்தில் வாலியண்ட் என்ற சிறுவர் பத்திரிகையில் தொடங்கிய தொடர். ஆராய்ச்சிசாலையில் ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன் லூயிஸ் கிராண்டல். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடம்பு முழுவதும் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். மற்ற வீரர்கள் முகத்தை மட்டும் மறைத்து உடம்பைக் காட்டினார்கள். இவனோ முழுவதும் மறைந்தும், தன்னைக் காட்டிக்கொடுக்கும் ஒரே அங்கத்தை மறைக்க முடியாமல் தவித்தான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய மின்விசிறிகளுக்கும் பூச்செடிகளுக்கும் நடுவே இந்தப் புத்தகம் கிழிந்த அட்டையோடு கிடக்கக் கண்டிருக்கிறேன். விலை பேசுகிற நடுத்தர வயதுக்காரர்கள் "மாயாவி இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். லூயிஸ் கிராண்டல் என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. பட்டப் பெயர் சொந்தப் பெயரை விழுங்கிவிட்டது.

இதையெல்லாம் பார்த்து, மாறுவேஷ வீரன் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளையின் 'மலைக்கள்ளன்' நம்மிடம் இருக்கிறானே! பக்ஷிராஜா ஸ்டூடியோவார் 1954-ல் எடுத்த அந்தப் படத்தில் எம். ஜி. ராமச்சந்திரன் ஒரே ஆளாக மலைக்கள்ளனாகவும், அப்துல் ரஹீமாகவும், குமாரவீரனாகவும் வந்தார். தமிழில் ஓடிய ஓட்டத்தைக் கண்டு தெலுங்கு, ஹிந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் என்று அத்தனை பாஷைகளிலும் எடுத்தார்கள். கண்ணெதிரே இருப்பவனே காப்பாற்றுகிறவனும் என்பது எல்லாப் பாஷைக்காரர்களுக்கும் இனித்தது.

அதற்குப் பத்தாண்டு முன்பே கல்கி அவர்கள், 1944-ல் தொடங்கிய 'சிவகாமியின் சபத'த்தில், காஞ்சி மகேந்திர பல்லவருக்கே வஜ்ரபாகு என்ற வேஷத்தைக் கட்டி வீதிக்கு அனுப்பினார். கூடப் பிரயாணம் செய்யும் பரஞ்சோதிக்கே, இவர்தான் தன் அரசர் என்பது தெரியாது. வேஷம் கல்கியின் கற்பனை. ஆனால் மகேந்திரவர்மனுக்கு உண்மையிலேயே ஒரு முகமூடி இருந்தது. அவனாகப் போட்டுக்கொண்டதல்ல, காலம் போட்டது.

பல்லாவரம் குன்றில் ஐந்து அறைகளோடு குடைந்த ஒரு குகை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில். பின்னாளில் தர்காவாகி, இன்று அந்த முறையில் வழிபாடு நடக்கும் இடம். அங்கே அந்த அரசனுடைய விருதுப் பெயர்களைக் கல்லில் வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். வேறு இடங்களிலும் இதே கதைதான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஒன்றும் இல்லாமல் இந்தக் கோயிலைச் செய்தவன் 'விசித்திரசித்தன்' என்கிறது மண்டகப்பட்டுக் கல்வெட்டு. சீயமங்கலத்துக் குகை 'அவனிபாஜன'னின் பெயரைத் தாங்கியது. தளவானூரில் அவன் 'சத்துருமல்லன்'. திருச்சி மலைக்கோட்டையில் 'குணபரன்'. ஊருக்கு ஒரு பெயர்! மக்களோ, ஆயிரம் வருஷத்துக்கு மேல் இந்த எழுத்தைப் படிக்க மறந்து, ஐந்து அறைகளைக் கண்டு, பஞ்ச பாண்டவர் இருந்த இடம் என்று ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். மாமல்லபுரத்து ஒற்றைக்கல் ரதங்களும் அப்படித்தானே பாண்டவர் சொத்தாயின?

கல்வெட்டு அறிஞர்கள் பொறுமையாக இந்தப் பெயர்களை ஒன்றோடொன்று பொருத்தினார்கள். 1917-ல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியார் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற வடமொழி நாடகத்தை அச்சிட்டார். ஆசிரியன், சிம்மவிஷ்ணுவின் குமாரன் மகேந்திரவிக்கிரமவர்மன் என்று நாடகமே சொல்லுகிறது. குணபரன், சத்துருமல்லன், அவனிபாஜனன் என்ற கல்வெட்டுப் பெயர்களும் அதற்குள்ளேயே வருகின்றன! கல்லைக் குடைந்தவனும், காபாலிகரையும் பிக்ஷுக்களையும் கேலி செய்து நாடகம் எழுதியவனும் ஒரே ஆசாமி என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்து ஓர் அரசன், "நான்தான் அவன்!" என்று சொன்னதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பெயர்களின் வரிசையைச் சாட்சியாக வைத்து ஆளை அறிவது நமக்குப் புதிதல்ல. பாண்டவர்களின் பெயரை இந்தக் குகைக்கு இட்டவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும். பன்னிரண்டு வருஷம் வனவாசம், பதின்மூன்றாம் வருஷம் அக்ஞாதவாசம். அந்த ஒரு வருஷத்துக்குள் அடையாளம் வெளிப்பட்டால் மறுபடியும் பன்னிரண்டு வருஷம் காடு. ரகசியத்துக்கு இவ்வளவு கடுமையான விலை வைத்த கதை உலகத்தில் வேறு உண்டா என்பது சந்தேகம். விராடன் மகன் உத்தரன், கௌரவ சேனையைக் கண்டதும் தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். சாரதியாக வந்த பேடி பிருகன்னளை அவனைப் பிடித்து நிறுத்தி, வன்னி மரத்தில் ஒளித்து வைத்த ஆயுதங்களை எடுக்கச் சொல்லி, பிறகு சொல்லுகிறாள்: நான்தான் அர்ஜுனன். உத்தரன் நம்புகிறானா? இல்லை. "அர்ஜுனனுக்குப் பத்துப் பெயர் உண்டாமே, சொல் பார்க்கலாம்" என்கிறான். இரண்டு கையாலும் வில் வளைப்பதால் சவ்யசாசி, தேசங்களை வென்று தனம் கொண்டு வந்ததால் தனஞ்சயன் என்று பத்துப் பெயரையும் காரணத்தோடு சொன்ன பிறகே அவனுக்கு நடுக்கம் தீர்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. அர்ஜுனன் சபையில் சொல்லவில்லை. பயந்து நடுங்கும் ஒரு பையனிடம், அவனுக்குத் தைரியம் தேவைப்பட்ட நிமிஷத்தில் சொன்னான். இரண்டாவது, கேட்டவன் அதைக் காப்பாற்றினான். ஊர் திரும்பிய உத்தரன், தகப்பன் கேட்டபோதுகூட, யாரோ ஒரு தேவகுமாரன் வந்து வென்று கொடுத்தான் என்றுதான் சொன்னான். பாண்டவர்கள் தாமாக வெளிப்படும் வரையில் அவன் வாய் திறக்கவில்லை. அர்ஜுனன் வில் வளைத்ததைப் பாடுகிறோம். உத்தரன் நாக்கை அடக்கியதை யார் பாடுகிறார்கள்? போருக்கு முன் ஓடிய பையன், போருக்குப் பின் வீரனான இடம் அதுதான்.

இதற்கு நேர்மாறானதைக் காண வேண்டுமானால் மறுபடியும் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். 1962-ல் தோன்றிய ஸ்பைடர்மேன், 2006-ல் வந்த ஒரு தொடரில், சர்க்காரின் புதுச் சட்டத்துக்கு இணங்கிப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் முகமூடியைக் கழற்றி, தன் பெயர் பீட்டர் பார்க்கர் என்று அறிவித்தான். புகைப்பட விளக்குகள் மின்னின. உலகம் பிரமித்தது. சொன்னது யாருக்காக? குறிப்பிட்ட எவருக்காகவும் அல்ல. விளைவு என்ன? எதிரி ஏவிய குண்டு, அவனை வளர்த்த மூதாட்டி மே அம்மாளின் மேல் பாய்ந்தது. அவளைப் பிழைக்க வைக்க, அவனும் மனைவியும் சைத்தானோடு பேரம் பேசித் தங்கள் கல்யாணத்தையே விட்டுக் கொடுத்தார்கள். அவன் யார் என்பதை உலகமும் மறந்தது. சூப்பர்மேனும் 2019-ல் உலகத்துக்கே தன்னை வெளிப்படுத்தினான். சில ஆண்டுகளில் அதையும் மறக்கடித்தார்கள். ஸாரோவின் சங்கடமேதான்! கூட்டத்திடம் சொன்னதை அழிப்பதற்குக் கதாசிரியர்கள் மாயமந்திரம் தேட வேண்டியிருக்கிறது. உத்தரனிடம் சொன்னதை அழிக்க வேண்டிய அவசியம் அந்தக் கதையில் எவருக்கும் வரவில்லை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. டேர்டெவில் என்ற வீரன் பகலில் மாட் மர்டாக் என்னும் கண்பார்வையற்ற வக்கீல். 2002-ல் வந்த கதையில், அவன் ரகசியத்தை வேறொருவர் பத்திரிகைக்குக் கொடுத்துவிடுகிறார். அவன் சொல்லவில்லை, திருடிவிட்டார்கள். சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லும் உரிமையும் அதோடு போயிற்று.

இதெல்லாம் பொம்மைப் புத்தக சமாசாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண் பெயரில் சிறுகதை எழுதும் ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும். எந்த ஊர், என்ன பெயர் என்று சொல்லப் போவதில்லை. கதைகளில் இருப்பதெல்லாம் அவருடைய புக்ககத்து மனிதர்கள். பெயர் வெளிப்பட்டால் மறு கதை வராது. அனுப்பும் முன் படித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக என்னிடம் மட்டும் சொன்னார். இலக்கியக் கூட்டங்களில் நண்பர்கள், "அந்த ஆசாமி யார் சார், உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா?" என்று விசாரிப்பார்கள். யாரோ ஒரு தேவகுமாரன் என்று சொல்லி வைக்கிறேன். அவர் தாமாகச் சொல்ல விரும்பும் நாள் வரலாம், வராமலும் போகலாம். அது அவர் பாடு. இதுவரை பதினோரு கதைகள் வந்திருக்கின்றன. பன்னிரண்டாவது என் மேஜை மேல் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது.