குரலின் வேர் எங்கே?

குரல் எங்கிருந்து எழுகிறது? நெஞ்சிலிருந்தே எழுகிறது என்றனர் பண்டைக் கிரேக்க அறிஞர் பலர். சொல் அறிவின் வெளிப்பாடு. அறிவு உறைவது நெஞ்சில். ஆகவே சொல்லும் அங்கிருந்தே மூச்சோடு புறப்படுகிறது என்பது அவர்தம் வாதம். நெடுங்காலம் நிலைத்த இக்கொள்கையைச் சொல்லால் அன்றிச் செயலால் மறுத்தவர் கேலன் என்னும் மருத்துவர்.

கி.பி. 162-இல் உரோமாபுரிக்கு வந்த கேலன், அறிஞர் அவையில் ஒரு பன்றியைக் கட்டி வைத்துச் சோதனை நடத்தினார். குரல்வளைக்குச் செல்லும் மெல்லிய நரம்புகளை நூலால் இறுக்கினார். பன்றியின் அலறல் நின்றது. நூலைத் தளர்த்தினார், அலறல் மீண்டது. நெஞ்சப்பையை அழுத்தினாலோ விலங்கின் குரல் அடங்கவில்லை. மயக்க மருந்து அறியாத காலத்துக் கொடிய சோதனை இது. ஆயினும் அதன் பயன் பெரிது. கழுத்துக் கட்டியை அறுக்கும்போது இந்நரம்புகள் சிதைந்ததால் சிறுவன் ஒருவன் குரலிழந்ததைக் கேலனே எழுதியுள்ளார்.

இந்நரம்பின் பாதை விந்தையானது. மூளையடியில் தோன்றி, மார்பினுள் இறங்கி, இடப்புறத்தில் இதயத்தின் பெருங்குழாயைச் சுற்றிக்கொண்டு, மீண்டும் மேலேறிக் குரல்வளையை அடைகிறது. நெஞ்சின் அருகே சென்று திரும்பினும் அதன் வேர் மூளையிலேயே உள்ளது.

மூளையில் எப்பகுதி? 1812-இல் பிரெஞ்சு மருத்துவர் லெகலுவா முயல்களை ஆராய்ந்து, மூளையின் அடித்தண்டாகிய முகுளத்தில் மூச்சை இயக்கும் சிற்றிடம் உண்டெனக் காட்டினார். மூச்சின்றிக் குரல் இல்லை. குரல்வளைத் தசைகளை இயக்கும் நரம்பணுக்களும் அம்முகுளத்திலேயே உள்ளன. அத்தொகுதியின் எல்லை தெளிவின்றி இருந்தமையால், ஐயத்திற்குரியது எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை அதற்குச் சூட்டினர்.

இவ்வாராய்ச்சிக்குப் பிற்காலத்தில் பெருந்துணை புரிந்தது எலி. மனிதச் செவி விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையே கேட்கும். ஆய்வுக்கூட எலிகள் அதற்கு மேற்பட்ட ஒலி எழுப்புவதை 1954-இல் ஆண்டர்சன் என்பார் வெளியிட்டார். அஞ்சிய எலியின் குரல் ஏறத்தாழ 22,000 அதிர்வு. விளையாடும் எலியின் குரல் ஏறத்தாழ 50,000 அதிர்வு எனப் பின்னர் வந்தோர் அறிந்தனர். அமைதியானது என எண்ணிய கூண்டு உண்மையில் ஓசை நிறைந்ததாக இருந்தது.

ஒலியைக் கேட்கும் வேலையும் மூளைத்தண்டிலேயே தொடங்குகிறது. செவி நரம்பு முதலில் சேருமிடம் அதுவே. 1893-இல் செருமானியர் ஹெல்டு அங்கே பூவிதழ்க் கிண்ணம் போன்ற பெரிய நரம்பு முனையைக் கண்டார். ஒலி எத்திசையினின்று வந்தது என்பதை இரு செவிகளையும் ஒப்பிட்டு அறிய, காலம் தவறாத செய்தி வேண்டும். அதற்கு உதவுவது இம்முனை. 1995-இல் போர்ஸ்ட், ஹெல்ம்சென், சக்மன் ஆகியோர் எலி மூளையின் மெல்லிய துண்டில் இம்முனையின் மின்னோட்டத்தை நேரே அளந்தனர்.

2020-இல் பெர்லினில் ஹார்ட்மன், பிரெக்ட் இருவரும் எலியின் மூளைத்தண்டில் சிற்றிடங்களைக் குளிரச்செய்து பார்த்தனர். முன்பகுதி குளிர்ந்தபோது பெரும்பாலும் உயர்ந்த குரல்கள் குன்றின; பின்பகுதி குளிர்ந்தபோது தாழ்ந்த குரல்கள் குன்றின. இரண்டிற்கும் இடைப்பட்ட இடம் குளிர்ந்தபோது மாற்றமில்லை. 2024-இல் அமெரிக்க அறிஞர்கள் சுண்டெலியில் மற்றொன்றைக் கண்டனர்: குரல்நாண்களை நெருக்கி ஒலியெழுப்பச் செய்யும் அணுக்களை, மூச்சை உள்ளிழுக்க வேண்டிய நேரத்தில் மூச்சுமையம் அடக்கிவிடுகிறது. உயிர்ப்புக்கு முதலிடம், குரலுக்கு அடுத்த இடம்.

மனிதப் பேச்சுக்குப் பெருமூளையும் வேண்டும். 1861-இல் பாரிசில் புரோக்கா அதன் இடப்புறத்தில் பேச்சுக்குரிய பகுதியைக் காட்டினார். ஆயினும் பெருமூளை வளராது பிறக்கும் குழந்தையும் அழுகிறது. சொல்லைக் கோப்பது மேல்மூளை; குரலை வெளிக்கொணர்வது மூளைத்தண்டு.

இன்று கழுத்துச் சுரப்பியை அறுக்கும் மருத்துவர், கேலன் நூலால் கட்டிய அந்நரம்பைத் தேடிக் காண்கிறார். அது காக்கப்பட்டால்தான் நோயாளி கண்விழித்தபின் தம் சொந்தக் குரலில் பேசுவார்.