மூன்றாவது மனிதர்

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை கணியூரிலிருந்து மடத்துக்குளத்துக்குக் காரில் போய்க்கொண்டிருந்தேன். வண்டி பழையது, ஓட்டியவன் வண்டியைவிடப் பழையவன். மில்லில் ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்த ஒருவர் சட்டென்று குறுக்கே திரும்பினார். பிரேக்கை மிதித்தேன். சைக்கிள் சாய்ந்தது, தூக்குப்போசி உருண்டோடிப் பள்ளத்தில் விழுந்தது. பதறிப்போய் இறங்கினேன்.

"ஒண்ணும் ஆகலீங்க, நீங்க பயப்படாம போங்க" என்று அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார்.

வீடு திரும்பி, பீரோவிலிருந்த இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். அது காலாவதியாகி ஆறு நாள் ஆகியிருந்தது! அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. அந்த மனிதருக்கு ஏதேனும் ஆகியிருந்தால் அவர் குடும்பம் யாரிடம் போய் நின்றிருக்கும்?

மோட்டார் இன்ஷூரன்ஸின் சரித்திரமே இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

எங்கள் வட்டாரத்துக்கு மோட்டார் புதிதல்ல. 1920-லேயே ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே பஸ் ஓட்டினார். அந்த நாளில் இன்ஷூரன்ஸ் வண்டிக்காரரின் விருப்பம், கட்டாயமில்லை. வண்டி மோதிக் காலை இழந்தவர் வழக்குப் போடலாம், ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் எதிராளியிடம் பணம் இல்லையென்றால், தீர்ப்பு வெறும் காகிதம்தான்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே 1930-இல் சட்டம் இயற்றி, பிறருக்கு நேரும் தீங்குக்காக இன்ஷூர் செய்வதைக் கட்டாயமாக்கினார்கள். நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 1939-இல் வந்தது. ஆனால் அதில் இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கும் எட்டாம் அத்தியாயம் 1946 ஜூலை 1-ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. 1956-இல் செய்த திருத்தம் நஷ்டஈட்டுக்கென்றே தனி நடுவர் மன்றங்களுக்கு வழி செய்தது. 1973-இல் 107 கம்பெனிகள் நான்காக்கப்பட்டு அரசுடைமையாயின. நான்கில் ஒன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. பிறகு தனியார் கம்பெனிகளும் திரும்பி வந்தன. 1939-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. கட்டாயம் மட்டும் மாறவில்லை.

ஆனால் சட்டம் இருந்தென்ன? புது வண்டி வாங்கும்போது இன்ஷூர் செய்துவிட்டு, மறு வருஷம் என்னைப் போல மறந்துவிடுகிறவர்கள் ஏராளம். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-இல் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்குத் தொடுத்தார். அதில் 2018-இல் பிறந்த உத்தரவின்படி, புதுக் காருக்கு மூன்று வருஷத்துக்கும், இருசக்கர வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கும் சேர்த்தே இந்தக் கட்டாயப் பாலிசி எடுக்க வேண்டும்.

'தேர்டு பார்ட்டி' என்கிறோமே, அந்த மூன்றாமவர் யார்? முதலாமவர் வண்டிக்காரர், இரண்டாமவர் கம்பெனி, மூன்றாமவர் சாலையில் போகிறவர். இந்தப் பாலிசியை மட்டும் வைத்துக்கொண்டு மரத்தில் மோதினால், நம் வண்டிக்குக் காலணா கிடைக்காது. அதற்குச் சொந்தச் சேதத்துக்கான பாலிசி வேண்டும். 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்று வழங்குவது இரண்டும் சேர்ந்ததைத்தான். அதிலும் வண்டிக்கு வயது ஏற ஏற மதிப்புக் குறையும். ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களுக்கு வழக்கமாகப் பாதி விலைதான். வண்டியோட்டும் உரிமையாளரின் உயிருக்கென்று, பதினைந்து லட்ச ரூபாய்க்குத் தனி விபத்துப் பாதுகாப்பு உண்டு.

ஆக, நம் தகரத்துக்குக் காப்பு வேண்டுமா வேண்டாமா என்பது நம் இஷ்டம். பிறர் எலும்புக்குக் காப்பு வேண்டாமென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. பிரீமியத்தை வீண்செலவென்று நானே பலமுறை முணுமுணுத்ததுண்டு.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பணத்தைக் கட்டினேன். சைக்கிளில் வந்தவரின் பெயர் எனக்குத் தெரியாது. பாலிசியிலும் அவர் பெயர் இல்லை. என்றாலும் நான் பணம் கட்டியது அவருக்காகத்தான்.